ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு பந்து



போன மாதம் என் வகுப்பில் ஒரு பையன் என்னை ஒரு கேள்வி கேட்டான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்து சேர்ந்ததிலிருந்து, கார் நிக்கோபார்ப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்காத விளையாட்டு இல்லை. இவன் பார்த்தது அமெரிக்கக் கால்பந்து. "சார், எல்லாரும் நடுவுல முட்டி மோதுறாங்க. ஒருத்தர் மட்டும் கோட்டோரமா தனியா நிக்கிறாரே, அவருக்கு என்ன வேலை?" என்றான்.

நல்ல கேள்வி. அன்று அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இன்று உங்களுக்கு விரித்துச் சொல்கிறேன். ஓரத்தில் நிற்கும் அந்த ஆளுக்கு வைட் ரிசீவர் என்று பெயர். ஆட்டம் தொடங்கியதும் அவர் எதிராளியை ஏமாற்றிவிட்டு ஓட வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமல் கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேலே வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். பத்து முறை ஓடினால் ஏழெட்டு முறை பந்து அவர் பக்கமே வராது. அடுத்த முறையும் அதே வேகத்தில் ஓடத்தான் வேண்டும். பந்தை எறிகிறவர் எந்த நொடியில் இவரைப் பார்ப்பார் என்று இவருக்குத் தெரியாதே!

பாப் ஹேய்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் போனால், காலணி ஜோடியில் ஒன்றைக் காணோம். சக வீரரிடம் இரவல் வாங்கிய காலணியோடு ஓடித் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் வைட் ரிசீவர். அவரை ஒற்றை ஆளாக விரட்டிப் பிடிக்க யாராலும் முடியவில்லை. எதிரணிகள் ஆளைக் காப்பதைக் குறைத்து, மைதானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காக்கும் உத்திக்குப் போனதற்கு அவருடைய கால்கள் ஒரு பெரிய காரணம். ஒலிம்பிக் தங்கமும் அமெரிக்கக் கால்பந்தின் உச்சக் கோப்பையான சூப்பர் பௌலும் சேர்ந்து கிடைத்த ஒரே மனிதர் அவர்.

அவையோரே, ஓரத்தில் நிற்பதைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்? இந்திய வரைபடத்தில் நம்மைப் புள்ளிகளாகத்தான் குறித்திருக்கிறார்கள். இங்கிருந்து போர்ட் பிளேருக்கே சுமார் 270 கிலோமீட்டர் கடல். தமிழர்களுக்கு இந்தத் தீவுகளின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாகத் தெரியும். முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்கிறது. ஆனால் அது சோழன் வென்ற ஊர்களின் பட்டியல். இந்த மண்ணில் பிறந்தவர்கள் வென்றவற்றின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை நாம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அந்தக் காலையை இந்த அவையில் நான் விவரிக்கப் போவதில்லை. இங்கே இருக்கும் பலர் அதைக் கண்ணால் கண்டவர்கள். அந்த அலைக்கு ஒன்பது வயதில் தப்பிய பெண்குழந்தை டெபோரா ஹெரால்ட். ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் உயிரோடு இருந்தவள். அந்தக் கைகள்தான் பிறகு சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தன. 2015 இறுதியில் 500 மீட்டர் டைம் ட்ரயல் உலகத் தரவரிசையில் அவருக்கு நான்காம் இடம். அதற்கு முன் எந்த இந்தியரும் அந்த உயரத்துக்குப் போனதில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர் ஈசோ ஆல்பன். பிறந்தது 2001. இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2018 ஆகஸ்ட், ஸ்விட்சர்லாந்தில் ஏகிள் என்ற ஊர். உலக ஜூனியர் டிராக் சைக்கிள் போட்டி. பிள்ளைகளே, அந்தச் சைக்கிளைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலைச் சும்மா வைக்க முடியாது. ஓடுதளம் கிண்ணத்தின் உட்புறம்போலச் சாய்ந்திருக்கும், மெதுவாகப் போனால் சறுக்கி விழ வேண்டியதுதான். போட்டியின் பெயர் கெய்ரின், ஜப்பானில் பிறந்தது. முன்னால் ஒரு மோட்டார் வண்டி போகும். வீரர்கள் வரிசையாக அதன் பின்னால் போக வேண்டும், முந்தக்கூடாது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வரை வேகத்தைக் கூட்டும். பாதித் தூரம் ஆனதும் தளத்தைவிட்டு விலகிவிடும். அதற்கு மேல் அவரவர் கால், அவரவர் துணிச்சல். எப்போது காத்திருப்பது, எப்போது பாய்வது என்று கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் பதக்கம்.

பதினேழு வயது ஈசோ அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார். தங்கம் வென்ற செக் நாட்டு வீரர் யாகுப் ஷ்தாஸ்ட்னிக்கும் அவருக்கும் இடையே 0.017 நொடி. அந்த வேகத்தில் அது எவ்வளவு தூரம் என்று வகுப்புக் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய ஒரு அடி. இந்த மைக்கைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஆனால் அந்த வெள்ளி, உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் வரலாற்றில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். கார் நிக்கோபாரில் பிறந்தவன் வாங்கிக் கொடுத்தது!

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபுர்ட் ஓடர் நகரம். மூவர் சேர்ந்து ஓட்டும் டீம் ஸ்பிரிண்ட். ஈசோவோடு மணிப்பூரின் ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும். இறுதியில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தித் தங்கம். நாட்டின் ஓரங்களிலிருந்து வந்த பிள்ளைகளால்தான் அந்தத் தங்கம் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், நாம் சிரிக்க மாட்டோம். டேவிட் பெக்காம். இந்தத் தீவின் பையன். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தவர். கால்பந்து வீரனாக வரட்டும் என்று சித்தப்பா ஆசையாய் வைத்த பெயர். பையனின் மனமோ சைக்கிளில் நின்றது. 2020 ஜனவரியில் குவாஹாட்டி இளைஞர் விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஸ்பிரிண்டில் தங்கம். பிரதமர் தன் வானொலி உரையில் அவர் பெயரைச் சொன்னார். துஹெத் என்னும் கூட்டுக்குடும்பம் இருக்கிற மண்ணில் ஒரு பிள்ளை ஒற்றையாக விடப்படுவதில்லை என்பதை நான் இங்கே வாழ்ந்து கற்றேன். பெக்காமின் கதையும் எனக்கு அதைத்தான் சொல்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த ஒன்றுக்கு வருகிறேன். ஓரத்தில் நிற்கிறவன் எவ்வளவு ஓடினாலும், பந்தை எறிகிறவர் அவன் பக்கம் பார்க்காவிட்டால் கைக்கு ஒன்றும் வராது. ஈசோவை யாரோ பார்த்தார்கள், கப்பலேற்றினார்கள், டெல்லியின் சைக்கிள் மரத்தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்க்கப்படாத ஈசோக்கள் எத்தனை பேர்?

இரண்டு வாரத்துக்கு முன், மூஸ் கிராமத்துக்குப் போகிற சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன், எட்டு வயதிருக்கும். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள். பாருக்கு மேலே கால் எட்டாமல், உள்ளே காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுகிறான். கேரியரில் ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டிய ஏழெட்டுத் தேங்காய். ஒரு பெடல் கட்டையே இல்லை, வெறும் இரும்புத் தண்டுதான் மிஞ்சியிருக்கிறது. அதைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு எனக்கு ஈடாக வந்தான், சாலை திரும்பும் வரை. திரும்பும்போது ஒரு முறை என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அன்று அவன் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அது என் தவறு.

இந்தத் தவற்றை நாம் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடாது. கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, டியூப், செயின், பெடல் கட்டை எல்லாம் கப்பலில் வருகிறவை, விலை ஏறித்தான் வரும், தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கின விலைக்கே கொடுங்கள். பங்ச்சர் ஒட்டத் தெரிந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிறு பள்ளி வாசலுக்கு வாருங்கள், பசையும் பம்பும் நாங்கள் வைத்திருப்போம். கிராமத் தலைவர்களாகிய கேப்டன்களே, உங்கள் கிராமத்தில் இப்படி ஓட்டுகிற பிள்ளை ஆணோ பெண்ணோ, பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். போர்ட் பிளேரில் சைக்கிள் வீரர் தேர்வு நடக்கும்போது அந்தப் பிள்ளைக்கும் கூடப் போகும் ஒரு பெரியவருக்கும் கப்பல் டிக்கெட் எடுப்பது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.

மூஸ் சாலையில் தேங்காய் கட்டிக்கொண்டு போன அந்தப் பையனை யாருக்காவது அடையாளம் தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். அவனுக்கு ஒரு ஜோடி பெடல் கட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.