பட்டியல் இடம் மாறும்போது

பெயர்ப் பட்டியலின் மதிப்பைத் தோட்ட மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அன்றைய கூலி என்று வாழ்ந்த பரம்பரை நாம். இன்று கோயில் வரி, மரண சகாய நிதி, குடும்பங்களின் முகவரி ஆகியவற்றைப் படித்த பிள்ளைகள் கணினியில் பதிந்து வைக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால், பதிந்த பிள்ளை வேலை தேடிப் பட்டணம் போய்விடுகிறான். கணினியும் பழுதாகிறது, புதுக் கணினியிலோ பழைய மென்பொருள் இல்லை. அந்நிலையில் பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் சேதமின்றி மாற்றுவது எப்படி? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

மென்பொருள் என்றென்றும் நிலைப்பதன்று. வீட்டுக் கணக்குக்குப் பலர் பயன்படுத்திய ‘மைக்ரோசாப்ட் வொர்க்ஸ்’ நிறுத்தப்படும் என்று 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதில் எழுதிய விவரக் கோப்பை இன்றைய எக்செல் நேரடியாகத் திறப்பதில்லை. ஆகவே, பழைய மென்பொருள் இயங்கும்போதே பட்டியலை வெளியே எடுத்துவிட வேண்டும்.

எந்த வடிவத்தில் எடுப்பது? ‘சிஎஸ்வி’ என்னும் எளிய வடிவமே பொருத்தமானது. ஒருவருக்கு ஒரு வரி. ஒரு விவரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான். பெரும்பாலான மென்பொருள்கள் இதைப் படிக்கும், எழுதவும் செய்யும். வாளிப் பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றும்போது சிந்தாமல் பார்க்கிறோம் அல்லவா? இங்கும் சிந்தக்கூடிய இடங்கள் நான்கு உண்டு.

முதலாவது, பூஜ்யம். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2009ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் பிறந்த பிள்ளையின் எண் 090703 என்று தொடங்கும். இடையில் கோடு போடாமல் எழுதியிருந்தால், எக்செல் அதை வெறும் தொகையாகக் கருதி முன்னுள்ள பூஜ்யத்தை நீக்கிவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். தொலைபேசி எண்ணுக்கும் இதே கதி. சுங்கைப் பட்டாணியின் 08000 என்ற அஞ்சல் குறியீடும் 8000 ஆகிவிடும். ஆகவே, கோப்பை நேராகத் திறக்காமல், ‘இறக்குமதி’ வழியாகச் சென்று, அந்தப் பத்திகளை ‘எழுத்து’ வகை என்று முதலிலேயே குறித்துவிட வேண்டும்.

இரண்டாவது, தேதி. 03/07/2009 என்பது நமக்கு ஜூலை 3. அமெரிக்க முறையில் அமைந்த மென்பொருளுக்கோ மார்ச் 7. ஐயம் வந்தால் அடையாள அட்டை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

மூன்றாவது, பெயரும் முகவரியும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரே உண்டு. பெயரை இரண்டாகப் பிரிக்கும் மென்பொருளிடம் விட்டுவிட்டால், மகள் தந்தையின் பெயரில் வரிசைப்படுத்தப்படுவாள். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயரை ஒரே பத்தியில் வையுங்கள். முகவரியில் காற்புள்ளி இருந்தால், அந்த முகவரி முழுவதும் மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் விவரங்கள் அடுத்த பத்திக்கு நகர்ந்துவிடும்.

நான்காவது, தமிழ் எழுத்து. பழைய எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. இடம் மாறினால் தமிழ் புரியாத கிறுக்கலாகிவிடும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்குப் பொதுவான இடம் கிடைத்தது. பழைய எழுத்துருவில் உள்ளதை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். சேமிக்கும்போது ‘யுடிஎப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றி முடித்ததும் சரிபார்த்தல் அவசியம். பழைய பட்டியலில் எத்தனை பேர், புதியதில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். சந்தாத் தொகையின் கூட்டுத்தொகை இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். பத்துப் பேரின் விவரங்களைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய கோப்பை அழிக்காமல் தனியே வையுங்கள். தாளிலும் ஒரு படி அச்சிட்டுக் கொள்ளுங்கள். இரவல் கணினியில் வேலை செய்திருந்தால், பிறருடைய அடையாள அட்டை எண்களை அங்கே விட்டுவிட்டு வரலாகாது.

இத்தனை கவனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மரண சகாய நிதிக்குப் பல ஆண்டுகள் சந்தா கட்டிய ஒருவர் கண்ணை மூடுகிறார். துக்க வீட்டிலிருந்து மனைவி வந்து நிற்கும்போது, “பட்டியலில் பெயர் இல்லையே, அம்மா” என்று சொல்ல நேர்ந்தால், அந்தக் குறையைக் கணினியின் மேல் போட்டுத் தப்பிக்க முடியுமா?

மென்பொருள் வரும், போகும். பட்டியலில் உள்ளவர்கள் நம் மக்கள். அவர்களில் ஒருவர்கூட விடுபடாமல் பார்ப்பது நம் கடமை.