தொலைதூர மின்நிலையங்களும் நியாயமான கட்டணமும்



கதிரொளி மிகுந்த இடத்தில் மின்சாரத்தை வாங்குவோர் இருப்பதில்லை. லடாக்கின் பாங் பகுதி இதற்குச் சான்று. அங்கு 13,000 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்து, அதனை அரியானாவின் கைத்தலுக்குக் கொண்டுவர 713 கிலோமீட்டர் மின்தொடர்கள் அமைக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2023 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 20,773.70 கோடி ரூபாய். இச்செலவு யாரைச் சேர வேண்டும்?

இரு முறைகள்

முதலாவது அஞ்சல் தலை முறை. கடிதம் எத்தொலைவு சென்றாலும் தலையின் விலை ஒன்றே. இந்தியாவில் மண்டலந்தோறும் மின்தொடர்க் கட்டணம் நெடுநாள் இவ்வாறே வசூலிக்கப்பட்டது. இரண்டாவது, தொலைவு, மின்னோட்டத்தின் திசை, அளவு ஆகியவற்றைக் கருதும் முறை. 2005ஆம் ஆண்டின் தேசிய மின்சாரக் கொள்கை இதனை வலியுறுத்தியது. 2011 ஜூலையில் இது நடைமுறைக்கு வந்தது.

முதல் முறை, அருகிலிருந்து மின்சாரம் பெறுவோர் மீது பிறர் சுமையை ஏற்றுகிறது. இரண்டாம் முறை தொலைதூர நிலையங்களின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். மேலும், நிலக்கரி நிலையமொன்று தன் திறனில் நான்கில் மூன்று பங்கும், சூரிய நிலையமொன்று நான்கில் ஒரு பங்கும் உற்பத்தி செய்வதாகக் கொள்வோம். திறனுக்கேற்பக் கட்டணம் விதித்தால், யூனிட் ஒன்றுக்குச் சூரிய மின்சாரத்தின் சுமை மும்மடங்காகும்.

விலக்கின் விலை

இதனாலேயே, 2025 ஜூன் 30க்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்றாலை நிலையங்களின் மின்சாரத்திற்கு, நிபந்தனைகளுக்குட்பட்டு, மாநிலங்களுக்கிடையிலான மின்தொடர்க் கட்டணத்திலிருந்து முழு விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் வரும் நிலையங்களுக்கு இச்சலுகை படிப்படியாகக் குறைகிறது. விலக்கினால் செலவு மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் தோளுக்கு மாறுகிறது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திற்கென அமைக்கப்படும் தொடர்களின் செலவு, 2020ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, எல்லா மாநிலங்களுக்கும் பகிரப்படுகிறது. அது இறுதியில் மின்கட்டணச் சீட்டில் ஏறுகிறது. அச்சீட்டு, செலுத்துவோரின் வசதியைப் பார்த்து எழுதப்படுவதன்று.

நேரிய வழி

தொலைதூர உற்பத்தி நாட்டின் நன்மைக்கானது எனில், அதற்குரிய உதவி வரிப்பணத்திலிருந்து வெளிப்படையாக வழங்கப்பட வேண்டும். நாடாளுமன்றம் அதனை ஆராய இயலும். வசதியுடையோர் மிகுதியாக ஏற்கவும் இயலும். லடாக் திட்டத்தில் 40 சதவீதம், அதாவது 8,309.48 கோடி ரூபாய், மத்திய நிதியுதவியாக அமைவது இவ்வழிப்பட்டதே. எஞ்சியதைப் பயன் பெறுவோர் பயன்பாட்டிற்கேற்ப ஏற்பதே முறை. அத்திட்டத்தில் இடம்பெறும் 12,000 மெகாவாட்-மணி மின்கலச் சேமிப்பு, பகலில் மிகுவதை மாலையில் அனுப்பித் தொடரின் பயன்பாட்டை உயர்த்தும்.

தொலைவு நிலையத்தின் குற்றமன்று. அதன் செலவை ஏழையின் விளக்கு அறியாமல் சுமப்பதும் நீதியன்று.