திரும்பி வருவோம் என்னும் வாக்குறுதி

வேலை தேடித் தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய நம் முன்னோர், ஊரை விட்டுப் புறப்படுகையில் பெற்றோரிடம் ஒரு சொல் சொல்லி வந்தனர். "இரண்டே வருஷம்; கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவேன்" என்பதே அது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் ஒண்டியிருந்த அவர்களுள் பலர், பின்னர் வாடகைக்கு அடக்கமான இடம் நாடி டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்தனர். பிள்ளைகள் பிறந்தனர், வீடும் வாங்கியாயிற்று. ஊருக்குத் திரும்பியவர் சிலரே. அவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். வாழ்க்கை அவர்களை இங்கே நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்று நம் பெண்களும் பிள்ளைகளும் அயல்நாட்டு அதிகாரிகளிடம் அதே சொல்லைச் சொல்ல நேர்கிறது. படிப்பாலும் தொழிலாலும் பிற நாட்டவரோடு பழகி, அவரையே வாழ்க்கைத் துணையாகக் கருதி, ஆனால் இன்னும் மணம் பதிவு செய்துகொள்ளாமல் இருப்போர் நம்மிடையே உண்டு. அத்தகையோர் துணைவரைச் சில வாரம் கண்டு வர விழைந்தால் பார்வையாளர் விசா வேண்டும். அதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

டோம்பிவிலி கிழக்கில் நாம் அறிந்த ஒரு குடும்பம் உண்டு. அவ்வீட்டுப் பெண்ணுக்கும் மேலை நாட்டவர் ஒருவருக்கும் ஆறாண்டுப் பழக்கம். முதன்முறை விசாவுக்கு விண்ணப்பித்தபோது அவள் தன் அன்பை மெய்ப்பிக்கவே முயன்றாள். நூற்றுக்கணக்கான புகைப்படங்களும் கடிதப் போக்குவரத்தும் கட்டுக்கட்டாய்ச் சென்றன. விசா மறுக்கப்பட்டது. "குறித்த காலத்தில் நாடு திரும்புவீர் என்பதில் எமக்கு நிறைவில்லை" என்பதே மறுப்பின் சாரம். தாயார் மனம் உடைந்தார். தாய்மாமன் ஒரு யோசனை சொன்னார்.

"அடுத்த தடவை அந்தப் பையன் பெயரையே எழுதாதே, அம்மா. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எழுதிவிடு."

"ஆறு வருஷமாக நம் வீட்டுக்கு வந்து போகிறவரை இல்லாதவர் என்று எப்படி மாமா எழுதுவது?" என்றாள் அவள்.

அந்த மறுமொழி நேர்மையானது; அறிவுடையதுங்கூட. ஏனென்று காண்போம்.

பார்வையாளர் விசா தரும் அதிகாரி, "இவ்விருவரும் ஒருவரையொருவர் நேசிக்கின்றனரா?" என்பதை முதன்மையாகக் கேட்பதில்லை. "வந்தவர் திரும்பிப் போவாரா?" என்பதே அவர் கேள்வி. அமெரிக்க நாட்டின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், பார்வையாளராக வர விரும்புவோரைக் குடியேற வருபவராகவே முதலில் கொள்கிறது. அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவரையே சாரும். பிரிட்டனின் விதிகளும், வருபவர் மெய்யான பார்வையாளர்தாமா, காலம் முடிந்ததும் வெளியேறுவாரா என்றே பார்க்கின்றன. ஆதலின் அன்பின் சான்று, ஏன் போகிறோம் என்பதைக் காட்டுமேயன்றி, ஏன் திரும்புவோம் என்பதைக் காட்டாது. அந்தப் பெண் அனுப்பிய புகைப்படங்கள் அத்தனையும் கேளாத கேள்விக்கு விடையாயின.

எல்லையில் நிற்கும் அதிகாரி நம் உறவை ஐயுறுவது புதிதன்று. தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். இந்தியாவிலிருந்து கணவருடன் வந்த பாய் மரியம் என்னும் பெண்ணை நாட்டுக்குள் விடலாமா என்பது வழக்கு. கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவும் செய்யப்படாத மணம் அங்கே செல்லாது என்றார் அவர். ஒரே நாளில் இந்தியப் பெண்கள் பலர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். அவ்வாண்டு நடந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் திரளாய்ச் சிறை புகுந்தமைக்கு இத்தீர்ப்பு ஒரு பெருங்காரணம். சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் மறவோம். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் அம்மணங்களுக்கு ஏற்பு அளித்தது.

அன்று கேள்வி, "மணமா, அன்றா?" என்பது. இன்று மணமே செய்யாத உறவையும் பல நாடுகள் ஏற்கின்றன. கனடாவில் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தோரும், பிரிட்டனில் ஈராண்டேனும் மணத்துக்கு ஒப்பான உறவில் இருப்போரும் துணைவர் என்ற முறையில் குடியேற விண்ணப்பிக்கலாம். ஆனால் அது குடியேறுவதற்கான வழி. கண்டு வருவதற்கான வழி வேறு. இரண்டையும் குழப்பலாகாது. பார்வையாளராகச் சென்று பிரிட்டனில் மணம் முடிக்கவும் இயலாது; அதற்கெனத் தனி விசா உண்டு.

இனி, மாமன் சொன்ன யோசனைக்கு வருவோம். துணைவரை மறைத்தால் ஐயமும் மறையும் என்று தோன்றும். ஆயின் தங்குமிடம் யாருடையது, செலவு யாருடையது, முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று படிவம் கேட்கும். பழைய விண்ணப்பமோ அலுவலகத்தில் பத்திரமாய் இருக்கும். பொய் வெளிப்பட்டால் வரும் தண்டனை சிறிதன்று. பிரிட்டனில் பத்தாண்டும், கனடாவில் ஐந்தாண்டும், ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டும் தடை நேரலாம். அமெரிக்காவில் தனி விலக்குக் கிடைத்தாலன்றி அத்தடைக்கு முடிவே இல்லை. நான்கு வாரப் பயணத்துக்காகச் சொன்ன பொய், பின்னாளில் கணவன் மனைவியாய்ச் சேர்ந்து வாழும் வழியையே அடைத்துவிடும்.

உண்மையைச் சொல்வதால் எல்லாக் கதவும் மூடிவிடுவதில்லை. பின்னொரு நாள் குடியேறும் எண்ணம் இருப்பதனாலேயே இன்று பார்வையாளராக வருவதைத் தடுக்கலாகாது என்று கனடாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குறித்த காலத்தில் வெளியேறுவார் என்று அதிகாரி நிறைவுற்றால் போதும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? துணைவர் இன்னார், இத்தனை ஆண்டு உறவு, அவர் வீட்டில் தங்குவோம் என்று ஒரு பக்கக் கடிதத்தில் தெளிவாக எழுதுக. உறவுக்குச் சான்றாக, ஆண்டுக்கு ஒன்றிரண்டு படங்களும் சேர்ந்து சென்ற பயணச் சீட்டுகளும் அமையும். பின்னர் திரும்பும் காரணங்களை அடுக்குக: இன்ன நாள் பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் விடுப்புக் கடிதம், சம்பளம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன், நம்மை நம்பியிருக்கும் பெற்றோர், முன்பு வெளிநாடு சென்று உரிய நாளில் மீண்டதைக் காட்டும் பாஸ்போர்ட் முத்திரைகள். கணக்கில் திடீரென்று பெருந்தொகை போட்டுக் காட்டுவது ஐயத்தையே வளர்க்கும். கேட்கும் நாட்கள் விடுப்பு நாட்களோடு பொருந்த வேண்டும். மறுக்கப்பட்டால் காரணத்தைப் படித்து, அதற்கு விடை தேடிய பின்னரே மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தாரைக் காண வருவோர்க்குப் பிரிட்டனில் இருந்த முழு மேல்முறையீட்டு உரிமையும் 2013 ஜூன் 25 முதல் இல்லை.

துணைவர் டோம்பிவிலிக்கு வருவதாயின்? நம் நாடும் இவ்வகையில் கண்டிப்பானதே. மணமாகாத துணைவர் என்று நம் விதிகளில் தனி இடம் இல்லை. நண்பரைக் காண வரும் சுற்றுலாப் பயணியாகவே அவர் வர வேண்டும். அவர் நம் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்துக்கு அறிவிப்பது வீட்டாரின் கடமை. மணம் முடிக்க எண்ணினால் 1954ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் அறிவிப்பு வேண்டும். இருவரில் ஒருவராவது அம்மாவட்டத்தில் முன்னதாக 30 நாள் வாழ்ந்திருக்க வேண்டும். பதிவு செய்த மணம் ஈராண்டு நிலைத்த பின்னரே கடல் கடந்த இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே பாலினத் துணைவர்க்கு இவ்வழியும் இல்லை. அவர்தம் மணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது.

நாம் சொன்ன பெண் இரண்டாம் முறையும் விண்ணப்பித்தாள். முதல் மறுப்பை மறைக்கவில்லை. துணைவர் பெயரை முதல் வரியிலேயே எழுதினாள். புகைப்படங்கள் ஆறாகக் குறைந்தன. அலுவலகக் கடிதம் முன்னே வந்தது. விசா கிடைத்தது. உண்மை எழுதுவோர்க்கெல்லாம் கிடைக்கும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். கிடைக்காவிடினும், அடுத்த கதவு அவளுக்குத் திறந்தே இருந்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

இருபத்தெட்டாம் நாள் அவள் திரும்பி வந்தாள். மறுநாட்காலை வழக்கம்போல் விரைவு லோக்கலில் வேலைக்குப் போனாள். அவள் பாஸ்போர்ட்டில் விழுந்த அந்தத் திரும்பிய நாளின் முத்திரையே, அடுத்த விண்ணப்பத்தில் அவளுக்காகப் பேசும். "இரண்டே வருஷம்" என்று சொல்லி வந்த தாத்தாவின் படம் மாட்டிய அதே வீட்டில், அந்தப் பாஸ்போர்ட் இப்பொழுது பத்திரமாக இருக்கிறது.