மூணாறுக்குப் போகும் முன் போடியில் இறங்குங்கள்

மதுரை, தேனி வழியாக மூணாறு செல்லும் சுற்றுலா வண்டிகள் போடிநாயக்கனூரில் நின்றால், டீ குடிப்பதற்கோ டீசல் போடுவதற்கோதான் நிற்கின்றன. சற்று நேரத்தில் முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறிவிடுகின்றன. டெல்லிக்குப் போகிறவர்கள் அங்கே என்னென்ன பார்க்க வேண்டும் என்று பத்து பேரிடம் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். போடியும் ஒரு தலைநகர்தான், ஏலக்காய்க்கு. அங்கே என்ன பார்க்கலாம் என்று யாரும் விசாரிப்பதில்லை. மூணாறுக்கு ஒதுக்கும் நாட்களில் ஒன்றைப் போடிக்குக் கொடுங்கள் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. மலையின் விளைச்சலும் உழைப்பும் பணமும் வந்து சேரும் ஊரைப் பார்க்காமல் மலையை மட்டும் பார்த்துத் திரும்பினால், பார்த்தது பாதிதான்.

ஏலக்காய் பெரும்பாலும் விளைவது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். தமிழ்நாட்டு ஊரான போடி அதற்கு எப்படித் தலைநகராகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த மலைப்பகுதியிலுள்ள தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தும், 1956 நவம்பரில் அவை கேரளத்துக்கே போயின. ஆனால் முகட்டில் விழுந்த எல்லைக்கோடு வியாபாரத்தின் வழியை மாற்றவில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் கணினிவழி ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் ஒன்று இடுக்கியில் உள்ள புத்தடி, மற்றொன்று போடி. இந்த வழி ஏலக்காயால் மட்டும் ஏற்பட்டதும் அல்ல. மூணாறில் விளைந்த தேயிலை 1908 முதல் குறுகிய பாதை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து கம்பிவழியில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போனது. 1924 பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான்கே ஆண்டுகளில், 1928இல், மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்தது. மலையின் சரக்கு கிழக்கே இறங்கித்தான் உலகுக்குப் போக வேண்டும் என்பதை அன்றைய தோட்டக்காரர்களும் ரயில்வேயும் அறிந்திருந்தார்கள்.

போடியில் என்ன இருக்கிறது, வெயில்தானே என்பார்கள். அந்த வெயிலைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளச் சரிவில் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் மழை மறைவு. போடியிலிருந்து மலைமேலுள்ள போடிமெட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர்தான் பாதை. அதற்குள்ளேயே அடிவாரத்து முட்புதர், மாந்தோப்பு, இலவ மரங்கள் எல்லாம் பின்னே போய், உச்சியில் குளிரும் மூடுபனியும் வந்துவிடுகின்றன. வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிட்டால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காற்று மாறுவது முகத்தில் தெரியும். ஏலச்செடிக்கு ஓயாத ஈரமும் மர நிழலும் வேண்டும்; அவை மேலே இருக்கின்றன. உலர்த்திய காய்க்கு ஈரமே ஆகாது. ஈரம் ஏறினால் பச்சை நிறம் மங்கிவிடும், விலை இறங்கிவிடும். விளைவது உச்சியில், சந்தை அடிவாரத்தில் என்று அமைந்ததற்கு இந்த வறட்சியும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். குறையாகச் சொல்லப்படும் வெயில், ஊரின் பிழைப்போடு இப்படிச் சேர்ந்தே இருக்கிறது.

பிறகு கடைத்தெருவுக்கு வாருங்கள். ஏல மையத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, அது வியாபாரிகளின் இடம். கேட்டு, விட்டால் போகலாம். விடாவிட்டாலும் ஏலக்காய்க் கடைகளில் நின்று கவனிக்க நிறைய உண்டு. காயைச் சல்லடையில் அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். வியாபாரி ஒரு பிடி அள்ளி நிறம் பார்க்கிறார், ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே அரிசி கறுப்பாக முற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார். லிட்டர் எடை என்றும் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு லிட்டர் பாத்திரம் நிறையக் காயைக் கொட்டி எடை போடுவது. அக்மார்க் முதல் தரத்துக்குக் காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, லிட்டர் எடை 435 கிராம் இருக்க வேண்டும். வெளியே பெரிதாகத் தெரிந்து உள்ளே சொத்தையாக இருக்கும் காய் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். வீட்டுக்கு வாங்குகிறவர்களும் இதைத் தெரிந்துகொண்டால், வெறும் பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாற மாட்டார்கள்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அடுத்தவர் உழைப்பை வேடிக்கை பார்ப்பது சுற்றுலாவா என்பது அது. போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்தும் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறித் தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறார்கள். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஆகவே குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். ஒரு செடியின் காய்கள் ஒரே தடவையில் பழுப்பதுமில்லை. ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பச்சைக்காயை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் சூடேற்றி உலர்த்தினால் ஏறக்குறைய ஐந்து கிலோ ஒரு கிலோவாகிறது. இவர்களைப் படமெடுக்கப் போங்கள் என்று நான் சொல்லவே இல்லை. கேமராவை உறையிலேயே வையுங்கள். ஆனால் இந்த உழைப்பு இருப்பதே தெரியாமல் பச்சைச் சரிவை ரசித்துவிட்டு வருவது அதைவிட மரியாதைக் குறைவு. தெரிந்தவர் காலையிலும் மாலையிலும் அந்த மலைப்பாதையில் ஜீப்புகளுக்கு ஒதுங்கி வழிவிடுவார், வளைவில் முந்த மாட்டார். தொழிலாளர் ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்ப்பலி நேர்ந்த மலைப்பாதைகள் இவை. இது சின்ன விஷயமல்ல.

நடக்க விரும்புகிறவர்களுக்குக் கொட்டகுடி ஆற்றையொட்டிக் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று அங்கே பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோடையில் அந்தப் புல்வெளி காய்ந்து கிடக்கும், காற்றும் வேகமாக அடிக்கும். தீயை விட வேகமாக ஓட மனிதரால் ஆகாது. வனத்துறை அனுமதியில்லாமல் குறுக்கு வழியில் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். அனுமதி மறுக்கப்படும் மாதங்களில் அடிவாரத்தில் அணைப்பிள்ளையார் தடுப்பணை போதும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க விரும்பினால், தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான்.

போய்ச் சேருவது இப்போது எளிது. அகலப் பாதைப் பணிக்காக நின்றுபோயிருந்த ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பியது. மதுரையிலிருந்து ஏறலாம், சென்னை சென்ட்ரலிலிருந்து நேரடி விரைவு ரயிலும் விட்டிருக்கிறார்கள். செப்டம்பரிலிருந்து ஜனவரிக்குள் போவது நல்லது. மலையில் காய் எடுப்பு நடக்கும், கடைத்தெருவில் புதுக்காய் வந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் மட்டும், போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்திருக்கிறதா என்று ஊரில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.