கைக்கும் வைத்தியம் வேண்டும்

(நமது கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், காங்கேயத்தைச் சேர்ந்த இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க தொழிலைப் பத்திப் பதினஞ்சு நிமிஷம் பேசுங்க" என்றார். காங்கேயத்தில் எண்ணெய் ஆலைகளுக்கு மெஷின் அமைத்துக் கொடுப்பதும், பழுது பார்ப்பதும் என் தொழில். எக்ஸ்பெல்லரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வேறு ஒரு விஷயம் பேச வந்திருக்கிறேன். என் அம்மாவின் வலது கையைப் பற்றி.

2018ஆம் ஆண்டு என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. இந்த வார்த்தையை மைக் முன்னால் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. வருவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டேன். "தாராளமாச் சொல்லு கண்ணு. நாமதான் தெரியாமச் சிரமப்பட்டோம், மத்தவங்களுக்காவது தெரியட்டும்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது இதுதான். இந்த அரங்கில் இருக்கும் எத்தனையோ வீடுகளுக்கு இது சம்பந்தப்பட்ட பேச்சு.

கோவையில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மார்பகத்தோடு வலது கக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். காலில் புண் வந்தால் "தொடை இடுக்குலே நெறி கட்டியிருக்குது" என்று நாம் சொல்வோமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. நோய் பரவும் வழியில் அது இருப்பதால் எடுத்துச் சோதிப்பார்கள். இப்போது எல்லோருக்கும் முழுவதையும் எடுப்பதில்லை. முதலில் வரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடும் முறையும் இருக்கிறது. அம்மாவுக்கு எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பல்லவி: "கையை அசைக்காதே." அப்பா மாட்டுக் கட்டுத்தரைப் பக்கம் விடவில்லை. அத்தை ஒரு துண்டை மடித்துக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிவிட்டார். அக்கா சோறு பிசைந்து ஊட்டினார். நான் டம்ளரைக்கூடக் கையில் கொடுக்கவில்லை, வாயருகில் கொண்டு போனேன். அடுத்து ஆறு மாதம் கீமோதெரபி. காங்கேயத்துக்கும் கோவைக்கும் மாறி மாறி அலைச்சல். அந்தக் காலம் முழுக்க நாங்கள் எல்லோரும் சேர்ந்து அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதாகத்தான் நினைத்தோம்.

கீமோ முடிந்து கதிர் சிகிச்சைக்கு அளவெடுக்கும் நாள் வந்தது. மேஜையில் படுக்க வைத்து, "வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைங்கம்மா" என்றார்கள். அம்மா தூக்கினார். கை தோள் உயரம்கூட வரவில்லை. கக்கத்தில் கம்பி இழுத்துக் கட்டியது போல் ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கை விலகினால்தான் கதிர் படவேண்டிய இடத்தில் சரியாகப் படும். "கை மேலே போகாமச் சிகிச்சை ஆரம்பிக்க முடியாதுங்க. முதல்லே பிசியோதெரபி பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் தள்ளிப்போனாலும் பயப்படும் நோய். இப்போது சிகிச்சை நிற்பது நோயினால் அல்ல, கையினால்.

அன்று இரவு ஃபைலைப் புரட்டினேன். பில்களுக்கும் ஸ்கேன் அறிக்கைகளுக்கும் நடுவே ஒரு தாள். கையை எப்படி மடக்க வேண்டும், எப்படிச் சுவரில் ஏற்ற வேண்டும் என்று படம் போட்ட தாள். டிஸ்சார்ஜ் ஆன நாளிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதமாக அதைப் பையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், பிரித்துப் பார்க்கவில்லை. ஓடாத மெஷின் இறுகிப்போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, அதற்குச் சம்பளமும் வாங்குகிறவன் நான். சொந்த வீட்டில் ஒரு தோள்பட்டையைக் கட்டிப்போட்டு இறுக வைத்தவனும் நான்தான். இதை ஒப்புக்கொள்ளத்தான் இங்கே வந்தேன்.

பிசியோதெரபிஸ்ட், அதாவது இயன்முறை மருத்துவர், என் தங்கை வயதுள்ள பெண். முதல் நாள் அவர் கோணமானியை எடுக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, இந்தக் கையாலே உங்களுக்கு என்ன செய்யணுமுங்க?" அம்மா யோசிக்கவே இல்லை. "பால் கறக்கோணும் கண்ணு. முடி வளர்ந்ததீம் கொண்டை போடோணும்." ஆறு மாதத்தில் அம்மாவிடம் அப்படி ஒரு கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கக்கத்தில் கம்பி போல் நின்றது அறுவைக்குப் பின் பலருக்கு வருவதுதான், பயிற்சியால் இளகும் என்று விளக்கினார். முன்னால் குனிந்து கையை ஊசல் போல் ஆட்டுவது, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது, படுத்தபடி இரண்டு கையாலும் ஒரு கோலைப் பிடித்து நல்ல கையின் துணையோடு தலைக்கு மேலே கொண்டு போவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கதவுக்கு மேலே கயிறு போட்டு இழுக்கவும் சொன்னார். அது என் இலாகா. பழைய கிணற்று ராட்டினத்தை விட்டத்தில் மாட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை. "இழுக்கறது தெரியற வரைக்கும் போங்க, குத்துற வலி வந்தா நிறுத்துங்க" என்பது அவர் சொன்ன கணக்கு. சுவரில் விரல் எட்டிய இடத்தில் தினமும் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மூன்றாவது வாரம் கை தலைக்கு மேலே போனது. கதிர் சிகிச்சை தொடங்கியது.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். இது புதிய விஷயமே இல்லை. அமெரிக்காவில் தெரீஸ் லாசர் என்ற அம்மையார் 1952இல் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தனக்கு யாரும் வழி சொல்லவில்லையே என்று, தானே மருத்துவமனைகளுக்குப் போய் மற்றப் பெண்களுக்குக் கயிறும் பந்தும் வைத்துக் கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அது பிற்பாடு பெரிய இயக்கமாகவே வளர்ந்தது. 2021இல் இங்கிலாந்தில் 392 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. தோள் இறுகும் அபாயம் அதிகமாக இருந்த இவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, அறுவை முடிந்து 7 முதல் 10 நாளுக்குள்ளேயே பிசியோதெரபிஸ்ட் மூலம் பயிற்சி தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, தாளை மட்டும் வாங்கிப் போனவர்களைவிட இவர்களுக்குக் கை நன்றாக இயங்கியது, வலியும் குறைவு. தாள் மட்டும் போதாது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அங்கேயும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பயிற்சியையும் முதல் நாளே செய்யக் கூடாது. விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, ஆழ்ந்து மூச்சு விடுவது ஆகியவற்றைப் பொதுவாக மறுநாளே தொடங்கச் சொல்வார்கள். நீர் வடியும் குழாய் இருக்கும் வரை தோளுக்கு மேலே கையைத் தூக்க வேண்டாம் என்பார்கள். குழாயை எடுத்த பிறகு, அறுவை மருத்துவர் சரி என்றதும், மேலே ஏற்ற வேண்டும். கதிர் சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தோலும் தசையும் இறுகக்கூடும். ஆகவே பயிற்சியை நிறுத்தக் கூடாது.

கதை இதோடு முடியவில்லை. 2020 தைப்பூசம். சிவன்மலைத் தேருக்குக் கிளம்பிய அம்மாவுக்கு வலது கையில் வளையல் ஏறவில்லை. "உடம்பு வெச்சுட்டேன் போல" என்று சிரித்தார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. இஞ்ச் டேப் எடுத்து இரண்டு கையையும் பத்துப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றளவு பார்த்தேன். முழங்கைக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டு சென்டிமீட்டர் இருந்தாலே காட்ட வேண்டும்.

இதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ரத்தத்துக்கு இதயம் என்ற பம்ப் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனி மோட்டார் கிடையாது. குழாய்ச் சுவர் மெல்லச் சுருங்கி விரிவதாலும், பக்கத்துத் தசை அசைவதாலும், மூச்சாலும்தான் அது மேலே நகர்கிறது. கிணற்று மோட்டாருக்கு நாம் போடும் ஃபுட் வால்வு போல, ஏறியது திரும்பி இறங்காமலிருக்க உள்ளே குட்டிக் குட்டி வால்வுகள். கக்கத்து முடிச்சுகளை எடுத்துவிட்டால் போகிற பாதை குறுகிவிடும். அசைவும் இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். அறுவை முடிந்து பல வருடம் கழித்துக்கூட இது வரலாம்.

அத்தை உடனே சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் வேண்டவே வேண்டாம் என்றார். அவர் செய்த மசாஜ், கன்றுக்குட்டியைத் தடவுவது போல அவ்வளவு மெதுவானது. அதுவும் கையில் ஆரம்பிக்கவில்லை. கழுத்திலும் மார்பின் மறுபக்கத்திலும் ஆரம்பித்தார். கீழ்மடையைத் திறந்துவிட்டால்தானே மேலே நிற்கும் தண்ணீர் வடியும்? பி.ஏ.பி. வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டு, கட்டோடு பயிற்சி. வீக்கம் வடிந்த பிறகு அளவெடுத்து வாங்கிய இறுக்கமான கையுறை. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. தோலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முள் குத்தினாலும் அரிவாள் பட்டாலும் உடனே கழுவி மருந்து போட வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து, எல்லோரும் கேட்கிற கேள்வி. பாரம் தூக்கலாமா? வாழ்நாள் முழுக்கத் தூக்கவே கூடாது என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற மருத்துவர் 1996இல், இந்த நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைத் துடுப்புப் படகில் ஏற்றிப் பயிற்சி கொடுத்தார். யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து ஆராய்ந்தார்கள். பாதிப் பேர் ஒரு வருடம் வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை; திடீரென்று முற்றுவதும் குறைந்தது. ஆனால் அவர்கள் கையுறை போட்டுக்கொண்டு, மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியவர்கள். அம்மா அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்தார்.

சென்னை அடையாறில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், உயிர் பிழைப்பதே பெரிய காரியம். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதற்காகவே உழைத்தார். அவர்களைப் போன்றவர்களின் உழைப்பால் இன்று பலர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர் மறுபடி வேலை செய்யும் மனுஷியாக வேண்டும் என்பதுதான் இனி நம் பொறுப்பு. செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடந்தால், அதற்கு முன்பே "பிசியோதெரபி எப்போதுங்க?" என்று கேளுங்கள். இரண்டு, ஃபைலில் உள்ள எல்லாத் தாளையும் படியுங்கள். மூன்று, அவர் கையிலிருக்கும் வேலையைப் பாசத்தின் பெயரால் பிடுங்காதீர்கள்.

இன்றும் அம்மாவின் வலது கை இடது கையைவிட ஒரு சென்டிமீட்டர் பருமன்தான். கையுறை இல்லாமல் இருக்க முடியாது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று காலை நான் கிளம்பும்போது கொண்டை போட்டுக்கொண்டு கட்டுத்தரையில் உட்கார்ந்திருந்தார். "சொம்பை எடு கண்ணு" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கறந்தது அவர்தான்.