தோட்டத்து வீடு
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பாட்டனார் கட்டிய தோட்டத்து வீட்டை மராமத்துச் செய்து, அதை மந்திரிக்க ஒரு குடும்பத்தார் நம்மை அழைத்திருந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

தாயும் தகப்பனும் உயில் எழுதாமல் இறந்தபின் வீடு வெகுகாலம் பூட்டியே கிடந்தது. உத்திரத்தில் கரையான். கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் அண்ணன், தம்பி, தங்கை மூவரும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார்கள். முன்பு யாரோ சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்திருந்தது. ஆகவே கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிப் பாகும் விட்டு, பழைய முறைப்படி காரை குழைத்தார்கள். சுண்ணாம்பு பட்டுத் தங்கையின் விரல்கள் வெந்திருந்தன.

அந்த விரல்களைப் பார்த்தபின் நாம் சும்மா இருக்க முடியவில்லை. "தங்கைக்கு என்ன பங்கு?" என்றோம்.

"கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஏது சாமி? நகை போட்டாயிற்றே!" என்றார் அண்ணன். நல்ல மனிதர்; திருப்பலிக்குத் தவறாதவர்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத கிறிஸ்தவப் பெற்றோரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக்கும் இதுவே பொருந்தும் என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை எடுத்துச் சொன்னோம். அண்ணன் பதில் பேசவில்லை. தீர்த்தம் தெளித்துத் திரும்பினோம்.

சென்ற மாதம் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுக் கொடுத்துவிட்டு, அண்ணனே வந்து நம்மிடம் சொன்னார்.

பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு நம்மை வந்து பாருங்கள். சகோதரிகளையும் அழைத்து வாருங்கள்.