37 நாட்கள்: முதலாம் உலகப்போர் மூண்டது ஏன்?



முதலாம் உலகப்போருக்குக் காரணம் யாதென வினவினால், சரயேவோவில் ஒலித்த துப்பாக்கி வேட்டு என்றே நம் பிள்ளைகள் விடை பகர்வர். 1914 யூன் 28 அன்று ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டை, 19 வயது இளைஞன் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றான் என்பது உண்மையே. ஆயினும் பிரித்தானியா போரில் இறங்கியது ஓகஸ்ட் 4 அன்று. இடைப்பட்ட 37 நாட்களையே நாம் ஆராய வேண்டும்.

சேர்பியாவைத் தண்டிக்க ஒஸ்திரியா-ஹங்கேரி விழைந்தது. எதுவரினும் துணைநிற்பதாக ஜேர்மனி வாக்களித்தது. 48 மணிநேரக் கெடுவுடன் வந்த கோரிக்கைகளிற் பெரும்பாலானவற்றைச் சேர்பியா ஏற்றது. அம்மறுமொழியை யூலை 28 காலையில் படித்த ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், போருக்கான காரணம் நீங்கிவிட்டதெனக் குறித்தார். அன்றே ஒஸ்திரியா-ஹங்கேரி போரை அறிவித்தது.

சேர்பியாவுக்கு ஆதரவாக ரஸ்யா படைதிரட்டியது. ரஸ்யாவோடு போர் மூண்டால், அதன் நேசநாடான பிரான்சையே பெல்ஜியத்தினூடாக முதலில் தாக்கவேண்டும் என்பது ஜேர்மன் தளபதிகள் முன்னரே வகுத்த திட்டம். நடுநிலை நாடான பெல்ஜியத்துள் படைகள் புகுந்தன, பிரித்தானியாவும் களமிறங்கியது.

கூட்டணிகளும் ஆயுதப் போட்டியும் விறகை அடுக்கிவைத்தன என்பது மெய். ஆனால், தீயை அணைக்க வாய்ப்பிருந்த நாட்களைக் கைநழுவ விட்டவர்கள் மனிதர்களே. தற்காப்புக்காகவே போரிடுவதாக ஒவ்வோர் அரசும் தன் மக்களிடம் கூறிற்று. ஏறத்தாழ 90 இலட்சம் படைவீரர் மாண்டனர்.

இளையோர்களே, ஆண்டுகளை மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். எவர், எந்நாளில், இப்போரைத் தடுத்திருக்கலாம் எனக் கேளுங்கள். பெற்றோர்களே, அக்கேள்வியை உங்கள் இல்லங்களிலும் எழுப்புங்கள்.